வ.வே.சு. ஐயரின் இலண்டன் மாணவ வாழ்க்கை (1907 – 1910): பந்தியும் பாடமும்

ஆய்வுச்சுருக்கம்

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் (1881 – 1925) தமிழ்ச் சிறுகதை முன்னோடி, கம்பன் திறனாய்வாளர், திருக்குறள் மொழிபெயர்ப்பாளர், விடுதலைப் போராளி என்னும் நிலைகளில் விரிவாக ஆராயப்பட்டுள்ளார். 1907 முதல் 1910 வரை இலண்டனில் சட்ட மாணவராக அவர் வாழ்ந்த மூன்றாண்டுகள் பெரும்பாலும் புரட்சி இயக்க வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே கூறப்பட்டு வந்துள்ளன. இக்கட்டுரை அவ்வாண்டுகளை அயல்நகரில் ஒரு தமிழ் மாணவர் வாழ்ந்த வாழ்க்கையாக நோக்குகிறது. உறைவிடம், உணவு, கல்வி, கண்காணிப்பு ஆகிய நான்கு நிலைகளில் அவ்வாழ்வை விளக்குகிறது. அங்கு அவர் கண்ட பொதுப்பந்தியையும், பிற்காலத்தில் சேரன்மாதேவிக் குருகுலத்தில் எழுந்த தனிப்பந்திச் சிக்கலையும் ஒருசேர வைத்து ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வ.வே.சு. ஐயர், இலண்டன், இந்தியா ஹவுஸ், லிங்கன்ஸ் இன், சேரன்மாதேவிக் குருகுலம், பாபநாசம், சமபந்தி.

1. முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில் கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, கடையம், பாபநாசம், சேரன்மாதேவி எனத் தொடரும் ஊர்வரிசை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககாலத் தமிழக வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1910இல் நீலகண்ட பிரம்மச்சாரியின் முயற்சியால் புரட்சிச் சங்கம் ஒன்று தென்காசியில் கூடியது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டையைச் சேர்ந்தவர். புதுச்சேரியிலிருந்து வெளியேறிய பாரதியார் 1918 இறுதி முதல் 1920 வரை மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் வாழ்ந்தார். திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்ததும், உயிர் நீத்ததும் இந்நிலப்பகுதியிலேயே.

இப்பகுதி மக்களுக்குக் கடல்கடத்தல் புதியதன்று. கடையநல்லூர், தென்காசி ஊர்களின் முஸ்லிம் குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் சென்று குடியமர்ந்தன. 1946இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கு உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தோற்றுவிக்கும் அளவிற்கு அக்குடியிருப்பு வேரூன்றியது. ஆயின், தொழிலுக்காகச் செல்வோர் உறவினரோடும் ஊராரோடும் சென்றனர். அவர்கள் ஊரை உடன்கொண்டு சென்றனர் எனலாம். கல்விக்காகச் சென்றவர் நிலை வேறு. அவர் தனியராகச் சென்றார், மீள்வதற்காகவே சென்றார். உண்ணல், உறைதல், உடுத்தல் ஆகிய ஒவ்வொன்றிலும் தாமே முடிவெடுக்கும் நிலையில் இருந்தார். ஐயரின் இலண்டன் வாழ்வு இவ்வகைப்பட்டது.

2. புறப்பாட்டிற்கு முன்

1881 ஏப்ரல் 2ஆம் நாள் பிறந்த ஐயர், திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். வரலாறு, அரசியல் ஆகியவற்றோடு இலத்தீனும் அவர் பயின்ற பாடமாகும். பிளீடர் தேர்வில் தேறித் திருச்சி நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். பின் இரங்கூன் சென்று, அங்கு ஆங்கிலேயப் பாரிஸ்டர் ஒருவரிடம் இளையவராகப் பணிபுரிந்தார்.

பிளீடருக்கும் பாரிஸ்டருக்கும் இருந்த வேறுபாடு அக்கால நீதித்துறையில் சிறியதன்று. இந்தியாவிலேயே தேர்வெழுதிய பிளீடர் எத்துணை அறிவுடையவராயினும் தகுதியிலும் ஊதியத்திலும் பாரிஸ்டருக்கு அடுத்த படியிலேயே வைக்கப்பட்டார். பாரிஸ்டர் தகுதியோ இலண்டனிலுள்ள நான்கு சட்டவிடுதிகளுள் ஒன்றில் சேர்ந்தாலன்றிக் கிட்டாது. மனைவி பாக்கியலட்சுமியையும் குடும்பத்தையும் பிரிந்து, இருபத்தாறாம் வயதில், 1907இல் ஐயர் இலண்டன் புறப்பட்டமைக்கு இத்தொழில்முறை ஏற்றத்தாழ்வே அடிப்படை. அவர் அங்குச் சென்றது புரட்சிக்காக அன்று, பாரிஸ்டர் ஆவதற்காகவே.

இரங்கூனில் அவர் அறிந்திருந்த மருத்துவர் தி.சே.சௌ. ராஜனும் மேற்படிப்பிற்காக இலண்டன் சென்றவர். சீரங்கத்தைச் சேர்ந்த ராஜன் பிற்காலத்தில் சென்னை மாகாண அமைச்சராக விளங்கினார். ஐயரின் வரலாற்றைத் தனிநூலாகவும் எழுதினார். இலண்டன் ஆண்டுகளைப் பற்றித் தமிழில் வழங்கும் செய்திகளுள் பல அவர் வழியே வந்தவை.

3. உறைவிடம்

1907ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் சுமார் 700 இந்திய மாணவர் பயின்றனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இலண்டனில் இருந்தனர். பெரும்பான்மையோர் சட்ட மாணவர். சட்டவிடுதிகள் மாணவருக்கு உறைவிடம் அளிப்பதில்லை. ஆதலின், இலண்டனில் இறங்கிய இந்திய மாணவர் முதலில் எதிர்கொண்டது வாடகை அறை தேடும் பணியே. அறை வைத்திருப்போர் பெரும்பாலும் நடுத்தர வகுப்பு ஆங்கிலேயப் பெண்கள். அவர்களுள் சிலர் இந்தியரை ஏற்பர், சிலர் கதவடைப்பர். ஏற்போரிடத்தும் காலை உணவு, விளக்கு, குளிர்காய நிலக்கரி என ஒவ்வொன்றிற்கும் தனிக்கணக்கு உண்டு. மார்கழித் திங்களில் மாலை நான்கு மணிக்கு முன்பே ஞாயிறு மறையும் நகரில், காவிரிக்கரையிலிருந்து சென்ற ஒருவர்க்கு நிலக்கரிச் செலவு ஒதுக்கத்தக்க செலவன்று.

இச்சூழலில் இந்தியா ஹவுஸ் என்னும் விடுதி பெற்ற முதன்மையை விளங்கிக்கொள்ளலாம். சியாம்ஜி கிருஷ்ணவர்மா வடஇலண்டன் ஹைகேட் பகுதியில், 65, குரோம்வெல் அவென்யூ என்னும் முகவரியில் இதனை அமைத்தார். 1905 ஜூலை 1 அன்று ஆங்கிலேயச் சமவுடைமையாளர் ஹைண்ட்மன் இதனைத் திறந்துவைத்தார். சுமார் 25 மாணவர் தங்குவதற்கு இடமிருந்த இவ்விடுதியில் நூலகம், படிப்பறை, சொற்பொழிவுக்கூடம் ஆகியன இருந்தன. நாட்டு விடுதலையை நோக்கமாகக் கொண்டு நிறுவப்பட்டதாயினும், மாணவர் பலரை அங்கு முதலில் ஈர்த்தவை இந்திய உணவும், தோல்நிறம் கேட்கப்படாத அறையுமே. அரசியல் அதன்பின் வந்தது.

ஹைகேட் மேட்டுநிலம். மேட்டின் அடிவாரத்திற்கு 1907 ஜூனில் சுரங்க ரயில் வந்து சேர்ந்தது. ஐயர் சென்ற ஆண்டும் அதுவே. அவ்விருப்புப்பாதை ஹைகேட்டை நகரின் நடுப்பகுதியோடு இணைத்தது. லிங்கன்ஸ் இன் அமைந்த ஹோல்பர்ன் பகுதிக்குச் செல்லும் சட்ட மாணவர்க்கு இது பெருவசதி. இந்தியா ஹவுஸிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் கார்ல் மார்க்ஸ் அடக்கம் செய்யப்பட்ட ஹைகேட் இடுகாடு உள்ளது. தம் நாட்டில் இடம்பெறாதோர் பலர்க்கு இடமளித்த பகுதி அது.

அன்றாட வாழ்வின் மற்றொரு நூலிழை அஞ்சல். 1898 இறுதியில் நடைமுறைக்கு வந்த பேரரசு அஞ்சல் கட்டணப்படி, ஒரு பென்னிச் செலவில் இலண்டனிலிருந்து இந்தியாவிற்குக் கடிதம் அனுப்ப இயன்றது. கப்பலஞ்சல் கிழமைக்கு ஒருமுறை. எழுதிய கடிதத்திற்கு மறுமொழி காண ஒரு திங்களுக்கு மேலாகும். இவ்வஞ்சல்வழியே ஐயர் குடும்பத்தோடு தொடர்பு கொண்டதுடன், பாரதியார் புதுச்சேரியிலிருந்து நடத்திய ‘இந்தியா’ இதழுக்கும் இலண்டன் செய்திகளை எழுதிவந்தார். தமிழ் உரைநடையாளராக ஐயர் உருவான தொடக்கக் களங்களுள் ஒன்று இக்கடித எழுத்தாகும். தொலைவிலுள்ள வாசகர்க்கு, அவர் காணாத ஓரிடத்தைச் சுருங்கச் சொல்லி விளங்கவைக்கும் பயிற்சி அதில் அமைந்தது.

4. உணவும் சட்டக் கல்வியும்

அக்காலப் பாரிஸ்டர் கல்வியின் விந்தையான கூறு, உண்பதே கல்வியின் பகுதியாக அமைந்தமையாகும். தேர்வுகளில் தேறுவதோடு, மாணவர் பன்னிரண்டு தவணைகளை நிறைவு செய்தல் வேண்டும். ஆண்டிற்கு நான்கு தவணை, ஆக, மூன்றாண்டு. ஒரு தவணை நிறைவுற்றதாகக் கொள்ளப்படுவதற்கு, விடுதியின் பேரவையில் குறித்த எண்ணிக்கை இரவு விருந்துகளில் மாணவர் அமர்ந்தாக வேண்டும். பொதுநிலையில் தவணைக்கு ஆறு விருந்துகள் எனக் கொண்டால், பாரிஸ்டராக விழைவோர் 72 முறையேனும் அக்கூடத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். நால்வர் கொண்ட குழுவாக அமர்வது மரபு. நால்வர்க்கும் பொதுவாக மது வைக்கப்படும்.

ஐயருக்கு இருபதாண்டுகட்கு முன்னர் இன்னர் டெம்பிளில் பயின்ற காந்தியடிகள் இவ்விருந்துகளில் ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவற்றோடு நிறைவு கொண்டார். மது அருந்தாத அவர் தம் குழுவில் அமரவேண்டும் எனச் சக மாணவர் போட்டியிட்டனர். 1888இல் அவர் கடல் கடந்தமைக்காகச் சாதிநீக்கம் செய்யப்பட்டவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஐயருக்கு ஏழாண்டுகட்குப் பின் கேம்பிரிட்ஜ் சென்ற கணிதமேதை இராமானுசன், கல்லூரிக் கூடத்தில் உண்ணாது தம் அறையிலேயே சமைத்துண்டார். போர்க்காலத் தட்டுப்பாடும் தனிமையும் கூடி அவர்தம் உடல்நலத்தைக் குலைத்தன. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில் வைத்து நோக்குங்கால், மரக்கறி உணவினரான தென்னிந்திய மாணவர்க்கு உணவு என்பது சுவை பற்றிய செய்தியாக மட்டும் அமையவில்லை என்பது புலனாகும். யாரோடு, யார் சமைத்ததை, எங்கமர்ந்து உண்பது என்பது ஊரில் பிறப்பால் முடிவு செய்யப்பட்டது. இலண்டனில் அது ஒவ்வொரு நாளும் தாமே முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

ஐயருக்கு இரு பந்திகள் அமைந்தன. ஒன்று, லிங்கன்ஸ் இன் பேரவைப் பந்தி. அது பேரரசின் ஒழுங்கைப் பயிற்றும் இடம். கறுப்பங்கி, இலத்தீன் வேண்டுதல், மூத்தோர்க்கு உயர்மேடை என அமைந்த அவ்வொழுங்கில் இந்திய மாணவர் அமர்வுரிமை பெற்றிருந்தார். ஆயின் அதன் உரிமையாளராக இல்லை. மற்றொன்று, இந்தியா ஹவுஸ் பந்தி. மராத்தியர், வங்காளியர், பஞ்சாபியர், குசராத்தியர், தமிழர் என்போரும், இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர், பார்சியர் என்போரும் ஒரே மேசையில் உண்டனர். ஊரில் ஒரே தெருவில் வாழ்ந்தும் உடனுண்ணாத மரபினர், ஆறாயிரம் கல்லுக்கு அப்பால் உடனுண்டனர். இந்தியர் என்னும் பொதுப்பெயர் மேடைப்பேச்சில் பிறக்கும் முன்னர் இம்மேசையில் நடைமுறையாக இருந்தது எனலாம்.

பாடநூற் கல்வியிலும் ஐயர் பின்தங்கவில்லை. உரோமானியச் சட்டம் தேர்வுப்பாடங்களுள் ஒன்று. தூய வளனார் கல்லூரியில் பயின்ற இலத்தீன் அதற்குத் துணையாயிற்று. அவ்விலத்தீன் அறிவு சட்டத்தோடு நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் கம்பனை ஆராயுங்கால் வால்மீகியோடு ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரையும் நிரலே வைத்து ஒப்பிடும் ஆற்றலாக அது விரிந்தது.

5. வட்டத்தின் விரிவும் கண்காணிப்பும்

1906இல் இலண்டன் வந்த விநாயக தாமோதர சாவர்க்கர் இந்தியா ஹவுஸின் நடுநாயகராக விளங்கினார். ஞாயிறுதோறும் அங்குக் கூட்டங்கள் நடைபெற்றன. 1908 மே மாதம் 1857 எழுச்சியின் நினைவுநாள் கொண்டாடப்பட்டது. ஐயர் இவ்வட்டத்தில் சாவர்க்கருக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்டார். தமிழர்களுள் ராஜனும், எம்.பி.டி. ஆச்சாரியாவும் அவ்வட்டத்தில் இருந்தனர். சாவர்க்கர் மராத்தியில் எழுதிய 1857 வரலாற்று நூல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபோது, அப்பணியை மேற்பார்வையிட்டவர் ஐயர் என வரலாற்றாசிரியர் குறிப்பர். 1909இல் வெளியான அந்நூல் வேற்றுநூல்களின் மேலட்டையோடு இந்தியாவிற்குள் அனுப்பப்பட்டது. பிறர் எழுத்தை ஆங்கிலத்தில் செம்மையுற அமைக்கும் இப்பயிற்சி, 1916இல் வெளிவந்த அவரது திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பிற்கு முன்னோடியான உழைப்பாகக் கருதத்தக்கது.

1909 ஜூலை 1 அன்று சவுத் கென்சிங்டனில் நடைபெற்ற வரவேற்பு நிகழ்ச்சி ஒன்றில் பொறியியல் மாணவர் மதன்லால் திங்ரா, இந்திய அமைச்சரின் அரசியல் உதவியாளரான கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். தடுக்க முயன்ற மருத்துவர் லால்காக்காவும் உயிரிழந்தார். ஆகஸ்ட் 17 அன்று திங்ரா பெண்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்நிகழ்ச்சி இந்திய மாணவர் அனைவர்தம் அன்றாட வாழ்வையும் மாற்றியது. இந்தியா ஹவுஸ் மூடப்பட்டது. துப்பறிவோர் விடுதி வாயில்களில் நின்றனர். ஐயத்திற்குரியோர் எனக் கருதப்பட்டோர்க்கு அறை கிடைப்பது அரிதாயிற்று.

அரசு தன் பங்கிற்கு இந்திய மாணவர் நலனைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1909இல் மாணவர்க்கான தகவல் நிலையம் நிறுவப்பட்டு, இஸ்லாமியவியல் அறிஞர் தாமஸ் ஆர்னால்டு கல்வி ஆலோசகராக அமர்த்தப்பட்டார். அடுத்த ஆண்டு அந்நிலையம் 21, குரோம்வெல் ரோடு என்னும் முகவரியில் மாணவர் விடுதியோடு இணைந்து செயற்படலாயிற்று. ஒன்று குரோம்வெல் அவென்யூ; மற்றொன்று குரோம்வெல் ரோடு. குரோம்வெல் என்னும் பெயர் தாங்கிய இரு தெருக்களில், ஒன்று அரசுக்கு எதிரான விடுதியாகவும் மற்றொன்று அரசின் விடுதியாகவும் அமைந்தமை தற்செயலே. எனினும், அறையும் உணவும் அளிப்பவர் எவரோ அவரிடமே மாணவர் மனமும் செல்லும் என்பதை இரு தரப்பினரும் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்கு இவ்விரு முகவரிகளும் சான்றாகும்.

1909 அக்டோபர் 24 அன்று இலண்டன் இந்தியர் விசயதசமி விருந்து ஒன்றை நடத்தினர். தென்னாப்பிரிக்க இந்தியர் சார்பில் அங்கு வந்திருந்த காந்தியடிகள் தலைமை தாங்கினார், சாவர்க்கர் உரையாற்றினார். விருந்து மரக்கறி விருந்தாக அமைய வேண்டும், அரசியல் பூசல் எழுப்பலாகாது என்பன காந்தியடிகளின் நிபந்தனைகள். தலைவர் எனப் பிறர் அறியுமுன்னரே அவர் அடுக்களையில் அமர்ந்து பணிகளில் கைகொடுத்தார் என்றும், பின்னர் வந்த ஐயர் கண்டே அவரை யாரென அறிவித்தார் என்றும் ராஜன் வழியாகச் செய்தி வழங்குகிறது. இலண்டனில் சமையற்கட்டும் அரசியல் மேடையும் எத்துணை நெருங்கியிருந்தன என்பதனை இச்செய்தி புலப்படுத்துகிறது. அடுத்த மாதம் கப்பலில் திரும்புங்கால் காந்தியடிகள் எழுதிய ‘இந்து சுயராச்சியம்’, இலண்டனில் அவர் சந்தித்த இத்தகைய இளைஞரை முன்னிறுத்தி எழுந்த உரையாடலாகும்.

6. பட்டம் பெறாத பாரிஸ்டர்

1910 மார்ச் 13 அன்று சாவர்க்கர் விக்டோரியா ரயில் நிலையத்தில் கைது செய்யப்பட்டு, பிரிக்ஸ்டன் சிறையில் வைக்கப்பட்டார். ஐயர் அவரைச் சிறையில் கண்டு பேசியவர்களுள் ஒருவர். அதே காலத்தில் ஐயரின் சட்டக்கல்வியும் நிறைவெய்தியது. தேர்வுகளில் அவர் தேறியிருந்தார். பட்டம் ஏற்குங்கால் பிரித்தானிய அரசர்க்குப் பற்றுறுதி கூறும் உறுதிமொழியை ஏற்க மறுத்தமையால் பாரிஸ்டர் தகுதியை இழந்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர்.

இம்மறுப்பின் பொருளை அதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவற்றால் அளவிடுதல் தகும். மூன்றாண்டுக் காலம், குடும்பத்தின் பொருட்செலவு, ஈட்டக்கூடிய வருவாய், ஊர் திரும்பும் உரிமை ஆகிய நான்கும் ஒருங்கே கைவிடப்பட்டன. எந்த ஏற்றத்தாழ்வை நீக்கிக்கொள்ள அவர் புறப்பட்டாரோ, அதனை நீக்கும் வாயிலில் நின்று திரும்பிவிட்டார்.

கைதாணை அணுகுவதை அறிந்த ஐயர் சீக்கியர் கோலத்தில் இலண்டனை விட்டகன்றார். பெட்டியில் பொறிக்கப்பட்டிருந்த வ.வே.சு. என்னும் முதலெழுத்துகளைக் கொண்டு ஐயுற்ற துப்பறிவாளரிடம், தம் பெயர் வீர விக்கிரம சிங் என்று கூறித் தப்பினார் என்பது தமிழகத்தில் பரவலாக வழங்கும் செய்தி. பாரிசில் மேடம் காமா அம்மையாரின் வட்டத்தில் சிறிது காலம் இருந்தார். பின்னர் மாற்றுக் கோலத்தில் பயணம் செய்து, 1910இல் புதுச்சேரி சேர்ந்தார். அங்குப் பாரதியாரும் அரவிந்தரும் முன்னரே இருந்தனர். 1911இல் வாஞ்சிநாதன் புதுச்சேரியில் ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றதாக ரௌலட் குழு அறிக்கை கூறும். இலண்டன் விடுதியொன்றில் தொடங்கிய தொடர்பு இவ்வாறு செங்கோட்டை வரை நீண்டது.

7. எழுத்தில் பதிந்த இலண்டன்

புதுச்சேரிக் காலம் ஐயரின் இலக்கியப் பணிக்காலம். கம்பநிலையம் என்னும் வெளியீட்டகம், ‘மங்கையர்க்கரசியின் காதல்’ என்னும் சிறுகதைத் தொகுதி, மாஜினி, கரிபால்டி முதலியோர் வரலாறுகள், திருக்குறள் மொழிபெயர்ப்பு ஆகியன இக்காலத்தின் விளைவுகள். 1915இல் ‘விவேகபோதினி’ இதழில் மனைவி பாக்கியலட்சுமியின் பெயரில் வெளிவந்த ‘குளத்தங்கரை அரசமரம்’ தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் முன்னணியில் வைத்து எண்ணப்படுகிறது.

இலண்டனைக் கதைக்களமாக்காது, குளத்தங்கரையையும் அரசமரத்தையும் அவர் தெரிந்துகொண்டமை கருதத்தக்கது. அயல்நகர வாழ்வு அவருக்குத் தந்தது கதைப்பொருளன்று. வடிவம் பற்றிய அறிவு. ஐரோப்பிய இலக்கியத்தை மூலத்தோடு அறிந்த ஒருவர், அவ்வடிவத்தைக் கொண்டுவந்து தம் ஊரின் மரத்தடியில் வைத்தார். கம்பன் ஆய்விலும் இந்நெறியே செயற்பட்டது. ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்தபோது வெளிவந்த கட்டுரைக்காகச் சிறை சென்ற அவர், பெல்லாரிச் சிறையில் ‘கம்பராமாயணம்: ஓர் ஆய்வு’ என்னும் ஆங்கில நூலை எழுதினார். அது அவர் மறைவிற்குப் பின் 1950இல் அச்சாயிற்று. உலகக் காப்பியங்களின் வரிசையில் கம்பனுக்கு இடம் கேட்டு வாதாடும் அந்நூலில், பட்டம் பெறாத பாரிஸ்டரின் வழக்குரைக்கும் திறன் முழுமையாக வெளிப்படுகிறது.

8. சேரன்மாதேவிப் பந்தி

முதல் உலகப்போருக்குப் பின் தமிழகம் திரும்பிய ஐயர் காந்திய நெறியை ஏற்றார். 1922 இறுதியில் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கி, பின் அதனைச் சேரன்மாதேவிக்கு மாற்றினார். தாய்மொழிவழிக் கல்வி, உடற்பயிற்சி, உழவு, கைத்தொழில் ஆகியன அதன் நோக்கங்கள். தமிழ்நாடு காங்கிரசு 5,000 ரூபாய் வழங்கியது. பல சாதியினரிடமிருந்தும் நன்கொடை திரண்டது. 1924இல் ‘பாலபாரதி’ இதழும் அங்கிருந்து வெளிவந்தது.

குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளிக்கப்பட்டது வெளிப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. பெற்றோர்க்கு அளித்த வாக்கின்படி அவ்வாறு செய்யப்பட்டதாக ஐயர் தரப்பில் கூறப்பட்டது. பொதுப்பணத்தில் நடைபெறும் தேசியக் கல்விக்கூடத்தில் பிறப்பு வேற்றுமைக்கு இடமில்லை என்று வரதராசலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ.ராமசாமியும் வாதிட்டனர். முன்பே வாக்களிக்கப்பட்ட இருவர் தனித்துண்ணலாம், இனி அத்தகைய நிபந்தனையோடு எவரையும் சேர்த்தலாகாது என்னும் காந்தியடிகளின் இணக்கவழி எதிர்ப்பாளரை நிறைவு செய்யவில்லை. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு இறுதியில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் போக்கை மாற்றிய நிகழ்ச்சிகளுள் குருகுலப் போராட்டமும் ஒன்றாயிற்று.

இந்தியா ஹவுஸ் மேசையில் உண்ட ஒருவர் இத்தனிப்பந்திக்கு எவ்வாறு இடமளித்தார் என்பது விடை காணவேண்டிய வினா. அவரது சாதிப்பற்றே காரணம் எனக் கூறிவிடுதல் எளிது. ஆயின் இலண்டன் ஆண்டுகள் அதற்கு அரணாக நில்லா. வாக்குத் தவறாமை என்று மட்டும் கூறி அமைதலும் போதாது. இலண்டன் பந்தியின் இயல்பிலேயே விடையின் ஒரு பகுதி உள்ளது எனக் கருத இடமுண்டு. அங்குக் கூடியோர் வளர்ந்தவர்கள். தாமே விரும்பி அமர்ந்தவர்கள். மரக்கறி உண்பார்க்கு ஒரு கறி, பிறர்க்கு வேறொரு கறி என ஒவ்வொருவர் நெறியும் மதிக்கப்பட்டது. உணவு தனிமனிதர் விருப்பம் என்பதும், பிறர் விருப்பத்தில் தலையிடாமையே ஒற்றுமைக்கு வழி என்பதும் அம்மேசை கற்பித்த பாடம். பெற்றோர் இருவரின் விருப்பத்தையும் ஐயர் அவ்வகையில் வைத்தே எண்ணியிருத்தல் கூடும்.

ஆயின் இரண்டும் ஒன்றல்ல. இலையில் எது இருக்கவேண்டும் என்பது உண்பவர் தம்மைப் பற்றியது. பக்கத்தில் எவர் அமரலாகாது என்பது பிறரைப் பற்றியது. முன்னது நோன்பு, பின்னது விலக்கு. இலண்டனில் அவ்விலக்கு இயல்பாகவே செயலற்றிருந்தது. அதனைக் காக்கும் ஊரும் உறவும் அங்கில்லை. எவரும் முயன்று அதனை நீக்கவில்லை. தொலைவு அதனை நீக்கியது. தாமிரபரணிக் கரையில் அத்தொலைவு இல்லை. அங்குப் பொதுப்பந்தியை எவரேனும் முடிவு செய்து அமைத்திருக்க வேண்டும். விலக்கப்பட்ட சிறுவர் பக்கத்தில் நின்று நோக்கின், இருவர்க்குக் காட்டிய சலுகை ஏனையோர்க்கு நேர்ந்த இழிவு என்பது வெளிப்படை. எதிர்ப்பாளரின் வாதம் வலுப்பெற்ற இடம் இதுவே.

9. முடிவுரை

1925 ஜூனில் குருகுல மாணவரோடு ஐயர் பாபநாசம் சென்றார். கல்யாண தீர்த்த அருவிப்பகுதியில் மகள் சுபத்திரை நீரில் தவறி விழ, அவரைக் காக்கப் பாய்ந்த ஐயரும் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 44.

இவ்வாய்வின் வழி மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஐயரின் அரசியல் ஈடுபாடு மாணவ வாழ்வின் அன்றாடத் தேவைகள் கொணர்ந்த உறவுகளினூடே உருப்பெற்றது. அறை, உணவு, உரையாடல் என்பன அதன் வாயில்கள். இரண்டாவது, அவர்தம் சிறுகதை, மொழிபெயர்ப்பு, ஒப்பியல் திறனாய்வு ஆகியவற்றின் பயிற்சிக்களமாக இலண்டனின் கடித எழுத்தும் பதிப்புப் பணியும் அமைந்தன. மூன்றாவது, அயல்நகரில் மாணவர் எய்தும் சமத்துவம் மெய்யானது. ஆயின் அது சூழ்நிலை தந்த கொடை. ஊர் திரும்பியபின் அதனைத் தாமே முயன்று நிலைநாட்டினாலன்றி அது நில்லாது. லிங்கன்ஸ் இன் உறுதிமொழியின் முன் எதையும் இழக்கத் துணிந்த ஐயர், சேரன்மாதேவிப் பந்தியில் இரு பெற்றோரின் நிபந்தனைக்கு இணங்கினார். பேரரசை மறுப்பதினும் உறவினரை மறுப்பது அரிது என்பதனை அவர் வாழ்வு உணர்த்துகிறது. இலண்டனில் பயின்ற பிற தமிழ் மாணவர்தம் வரலாறுகளையும் இந்நோக்கில் ஆராய்வது பயன் தரும்.